குவளையில் ஒரு சுண்ணாம்புக் கல்

களிமண்ணில் முகுரெலின் தலையைச் செய்தாள் தொம்னிகா. மூக்கு, தாடை, இடது பக்கம் விறைத்து நிற்கும் அந்தக் காது, எல்லாம் அச்சு அசல். செய்து முடித்ததும் இரண்டு கட்டைவிரலையும் கண்களில் வைத்து உள்ளே தள்ளினாள். பிறகு கையை மடக்கி உச்சந்தலையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். மேசையைச் சுற்றி இருந்த பெண்கள் பிசைவதை நிறுத்திவிட்டார்கள். ஏனென்றால் அதே மேசையின் கோடியில் முகுரெலைப் பெற்றவள் வெதூரியா உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிரவே இல்லை. கையிலிருந்த கிண்ணத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பரவாயில்ல தொம்னிகாம்மா, உள்ள இருக்கறது வெளிய வரட்டும்," என்றாள் வகுப்பு நடத்தும் கர்மினா.

"வெளிய எங்கம்மா வந்துச்சு? இது சும்மா முன்னோட்டம்," என்றாள் தொம்னிகா.

கர்மினா நகரத்து மனநல மருத்துவமனையிலிருந்து வியாழன்தோறும் பொயெனிட்சா கிராமத்துக்கு வருவாள். துக்கம் தாங்காதவர்களுக்குக் களிமண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று பாதிரியாரிடம் பேசி, ஊர்க் கலாமன்றத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கியிருந்தாள். மேல்மலைக் குயவர்கள் மண்ணைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள், காய்ந்த பாண்டங்களைத் தங்கள் சூளையில் சுட்டுத் தருவார்கள். முதலில் ஊர் சிரித்தது. வயசான பொம்பளைகள் மண்ணில் விளையாடுகிறார்கள் என்று சாராயக்கடையில் ஒரே கேலி. தொம்னிகாவின் முழங்கையைப் பார்த்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

கோடையில் அவளுடைய ஒரே மகன் ஜெலு செத்துப்போனான். முகுரெல்தான் வண்டி ஓட்டினான், மூக்குமுட்டக் குடித்துவிட்டு. இரண்டு பேரும் ஒரே வயது, அடுத்தடுத்த வீடு, ஒரே வேலியின் மேல் ஏறி வளர்ந்த பயல்கள். வண்டி பாலத்தில் மோதியது. ஜெலு அங்கேயே போய்விட்டான். முகுரெலுக்கு ஒரு கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். நீதிமன்றம் தண்டனையை எழுதி, அதை நிறுத்தியும் வைத்துவிட்டது. ஆக, பிள்ளையைக் கொன்றவன் தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கோழிக்குத் தீனி போட்டான். இந்தப் பக்கம் நின்று பெற்றவள் அதைப் பார்த்தாள். இதைவிடப் பெரிய கொடுமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்!

அப்போதிருந்துதான் தொம்னிகாவின் கைகள் அவள் பேச்சைக் கேட்காமல் போயின. உட்கார்ந்தால் போதும், வலது கை இடது முழங்கையைப் பிராண்ட ஆரம்பித்துவிடும். தோல் உரிந்து இரத்தம் வந்தாலும் நிற்காது. தூக்கமும் கிடையாது. களிம்பு தடவினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பாதிரியார் எண்ணெய் பூசி ஜெபித்தார். ஒன்றும் பிடிக்கவில்லை.

களிமண் பிடித்தது. முதல் நாள் கர்மினா ஒரு பெரிய உருண்டையை அவள் முன்னால் வைத்து, "ஒண்ணும் செய்ய வேணாம், பிசைஞ்சா போதும்," என்றாள். ஈரமும் கனமும் குளிர்ச்சியுமாக இருந்தது மண். தள்ளினால் தள்ளியதைத் தாங்கியது, அறைந்தால் அறைந்ததை வாங்கிக்கொண்டது. தொம்னிகா பிசைந்தாள், மேசையில் அடித்தாள், மறுபடி பிசைந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான், அன்று முழுக்க ஒரு தடவைகூடப் பிராண்டவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அன்று அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். இதில் பொய் ஒன்றும் இல்லை, மண் அவளைக் காப்பாற்றத்தான் செய்தது. தூக்கம் வந்தது, பசி வந்தது, புண் ஆறியது. தலை தெளிந்தது. தெளிந்த தலை யோசிக்க ஆரம்பித்ததுதான் வினை.

மண்ணைப் பிசையும் முன்னால் கல் பொறுக்க வேண்டும். அதிலும் வெள்ளைக் கல் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. "அது சுண்ணாம்புக் கல்லு," என்று மண் கொண்டுவந்த குயவன் முதல் நாளே எச்சரித்திருந்தான். "சூளையில ஒண்ணும் ஆகாது. பாண்டம் நல்லாத்தான் வெளிய வரும். வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சு, நீங்க மறந்தே போயிருப்பீங்க. உள்ள இருக்கற கல்லு காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சுக் குடிச்சு ஊதும். ஒருநாள் டப்புனு வெடிச்சிடும். வாரத்துலயும் வெடிக்கும், வருசத்துலயும் வெடிக்கும். அது அதோட இஷ்டம்."

பெண்கள் எல்லாரும் வெள்ளைக் கற்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார்கள். தொம்னிகா மட்டும் ஒன்றை தலைக்குட்டை நுனியில் முடிந்துகொண்டாள். பட்டாணி அளவுதான் இருக்கும்.

ஜெலுவின் வருஷத் திதி வந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் வருஷத் திதிக்குச் செத்தவனுக்கு ஒரு மாற்றாள் வைப்பார்கள். அவன் வயது, அவன் உடல்வாகு உள்ள ஒருவனை அழைத்து, தலை முதல் கால்வரை உடுத்திவிட்டு, கையில் குவளையும் ரொட்டியும் எரியும் மெழுகுவத்தியும் கொடுப்பார்கள். அவன் உடுத்தினால் மேலுலகில் செத்தவன் உடுத்துவான், அவன் குடித்தால் செத்தவனின் தாகம் தணியும். வாங்கியவன் அந்த உடுப்போடு ஞாயிறுதோறும் கோயிலுக்கு வர வேண்டும், அந்தக் குவளையில்தான் குடிக்க வேண்டும், கொடுத்தவளை அம்மா என்று கூப்பிட வேண்டும். கேட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது, இரண்டும் பாவம். ஆனால் குவளை தானாக உடைந்தால் கதை வேறு. செத்தவன் அந்த ஆளை ஒதுக்கிவிட்டான் என்று அர்த்தம். உடுப்பைக் கழற்றி, துண்டுகளோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இப்போது புரிகிறதா, அந்தக் கல் எதற்கென்று?

தொம்னிகா குவளையைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். கைப்பிடி வைத்தாள், பச்சைச் சேவல் ஒன்றை வரைய இடம் விட்டாள். அடிப்பாகம் ஈரமாக இருக்கும்போதே தலைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, கல்லை உள்ளே அழுத்தி, மேலே மண்ணை இழுத்துத் தடவி மூடினாள். எதிரே வெதூரியா கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

திதிக்கு முந்தின வாரம் தொம்னிகா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு வருஷமாக மிதிக்காத வாசல்.

"உம் மவன் இருக்கானா?"

வெதூரியாவின் முகம் வெளுத்துப்போனது. "எதுக்கு?"

"ஜெலுவோட உடுப்ப அவந்தான் போட்டுக்கணும். வேற யாருக்கு அந்த அளவு சரியா இருக்கும்? சொல்லு."

"தொம்னிகா, அவன விட்டுடு. அவனே பாதி செத்துக் கெடக்கான்."

"பாதிதானே? எம்புள்ள முழுசா போயிட்டான்."

உள்ளேயிருந்து முகுரெல் காலை இழுத்துக்கொண்டு வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். "போட்டுக்கறேன் அத்தே," என்றான்.

"வாய மூடுடா!" என்று கத்தினாள் வெதூரியா.

"போட்டுக்கறேம்மா. மாட்டேன்னு சொல்லக் கூடாதுல்ல."

ஊர் உருகிப்போனது. தொம்னிகா மன்னித்துவிட்டாளாம்! கர்மினா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தாள். "எவ்வளவு தூரம் வந்துட்டீங்க, பாத்தீங்களா!" என்றாள். ஆமாம், தூரம்தான். தொம்னிகா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். இனி அந்தப் பயல் ஒவ்வொரு ஞாயிறும் செத்தவனின் கோட்டுக்குள் நுழைந்து ஊர் நடுவே நடப்பான். என்றைக்காவது ஒருநாள் குவளை வெடிக்கும். ஜெலுவே காறித் துப்பிவிட்டான் என்று ஊர் சொல்லும். அப்புறம் அவனுக்கு எவன் வேலை கொடுப்பான், எவள் பெண் கொடுப்பாள்?

திதி அன்று கல்லறையைச் சுற்றி ஊரே நின்றது. பாதிரியார் சாம்பிராணி போட்டார். சீனி தூவிய கோதுமைப் படையல் நடுவில் இருந்தது. தொம்னிகா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, முகுரெல் கல்லறை வேலிக்குப் பின்னால் போய் உடுத்திக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டை, ஜெலு ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்ட பழுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, பளபளவென்று துடைத்த பூட்ஸ். தொம்னிகா குவளையில் பிளம் சாராயம் ஊற்றி, கைப்பிடியில் மெழுகுவத்தியை ஒட்டி நீட்டினாள்.

"இது ஜெலுவுக்கு," என்றாள்.

"ஆண்டவர் மன்னிக்கட்டும்," என்றான் முகுரெல். வாங்குகிறவன் அப்படித்தான் சொல்ல வேண்டும், செத்தவனுக்காக. அவன் யாருக்காகச் சொன்னானோ, பல் கிட்டித்துப்போய் வார்த்தை பாதிதான் வெளியே வந்தது. அடிவரைக்கும் குடித்தான். "நன்றிம்மா," என்றான்.

அவன் தவிப்பதைப் பார்க்கத் தொம்னிகாவுக்குத் தேனாக இனித்தது. வெதூரியா ஒரு சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது இன்னும் இனித்தது.

முதல் இரண்டு ஞாயிறும் அப்படியே போயின. முகுரெல் கோயிலுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். குழந்தைகள் வாயைப் பிளந்து பார்க்கும். தொம்னிகா வேண்டுமென்றே அவனுக்குப் பக்கத்தில் போய் நின்று, "காலர சரி பண்ணு, ஜெலு இப்படி அழுக்கா வரமாட்டான்," என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்வாள். அவன் குனிந்தபடி சரி பண்ணிக்கொள்வான்.

அடுத்த ஞாயிறு அவள் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினாள். ஏற்றத்தில் அவளுக்கு முன்னால் அவன் போய்க்கொண்டிருந்தான். பின்னாலிருந்து பார்த்தாள். பழுப்புக் கோட்டு, பின்பக்கம் சாய்த்த தொப்பி, ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு நடக்கிற நடை. சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரும் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் நடந்தவர்கள்தானே! இழுக்கிற அந்தக் காலை விட்டுவிட்டால் அப்படியே ஜெலு. கூப்பிட்டால் திரும்பிவிடுவான், திரும்பினால் முகம் மாறிவிடும். அதனால் கூப்பிடாமல், மூச்சு இரைக்க இரைக்க, கோயில் வாசல்வரை பின்னாலேயே போனாள். ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக எந்த ஏற்றத்தையும் அவள் ஏறியதில்லை.

அதன்பிறகு ஞாயிறுக்காகவே அவள் உயிரோடு இருந்தாள் என்று சொல்லலாம். வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்புவாள். அவனும் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். முதலில் விறகு பிளந்து போட்டான். பிறகு வேலி கட்டினான். பிறகு ஒருநாள் அவள் மக்காச்சோளக் களி கிண்டி, பாலாடைக்கட்டி வைத்து, "உக்காந்து தின்னுட்டுப் போ, எலும்பா கெடக்க," என்றாள். தனக்குக் கேட்ட குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அம்மா, இன்னும் கொஞ்சம் போடுங்க," என்றான் அவன்.

போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் வெதூரியா கொடியில் துணி போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள். மகன் குடியை நிறுத்திவிட்டான், சிரிக்கிறான், சாப்பிடுகிறான், எல்லாம் பக்கத்து வீட்டில். தன் வீட்டுக்குப் படுக்க மட்டும் வருகிறான்.

அப்போதுதான் தொம்னிகாவுக்குக் குவளை ஞாபகம் வந்தது. அட பாவி மனுஷி, என்ன காரியம் பண்ணித் தொலைத்தாய்! எங்கே ஒரு சட்டி உருண்டாலும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வியாழக்கிழமை கலாமன்றத்துக்கு ஓடினாள். அதே அளவு, அதே கைப்பிடி, அதே சேவல். மண்ணை மூன்று தரம் சலித்து, விரல் நுனியில் தேய்த்துத் தேய்த்து, ஒரு தூசிகூட இல்லாமல் இன்னொரு குவளை செய்தாள். அது சூளையிலிருந்து வந்த அன்றே மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். முகுரெல் வயலுக்குப் போயிருந்தான்.

"வெதூரியா, அந்தக் குவளைய ஒரு நிமிஷம் குடேன். கைப்பிடி சரியில்ல மாதிரி இருக்கு, வேற ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

வெதூரியா அடுப்புப் பக்கம் நின்றபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "குடுத்தத திருப்பிக் கேக்கறியா? செத்தவன் வாயிலேருந்து பிடுங்கறியா?"

"பிடுங்கல. மாத்திக் குடுக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதாண்டி. போய் பாதிரியார்கிட்ட வேணா கேட்டுட்டு வா. கேக்கும்போது ஏன் மாத்தணும்னும் சேத்துச் சொல்லு."

தொம்னிகா கொண்டுவந்த குவளையை மறுபடி மறைத்துக்கொண்டாள். அடுப்பில் பெரிய கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பலகையில் சேவல் குவளை கவிழ்ந்திருந்தது, அதன் அடிப்பாகமெல்லாம் வேர்த்திருந்தது. இப்போதுதான் கழுவி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தொம்னிகா வீடு திரும்பினாள். அன்று வலது கை மறுபடியும் முழங்கைக்குப் போனது.

அறுவடை முடிந்து முதல் திங்கள்கிழமை. தொம்னிகா முற்றத்தில் வெங்காயம் பின்னிக்கொண்டிருந்தபோது படல் திறந்தது. வெதூரியா வந்தாள். கையில் ஒரு மூட்டை. மூட்டையை மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். பழுப்புக் கோட்டு, சட்டை, தொப்பி, பூட்ஸ். அவற்றின் மேல் ஒரு துணியில் குவளையின் துண்டுகள். அடிப்பாகம் பூப்போல விரிந்து பிளந்திருந்தது, நடுவில் வெள்ளையாக மாவு.

"நேத்து சாயங்காலம் உடைஞ்சிடுச்சு," என்றாள் வெதூரியா. "மேசை மேல சும்மா இருந்தது. அவன் பாத்துட்டே இருந்தான். யாரும் தொடல."

"அவன் எங்க?"

"காலைல பஸ் ஏறிட்டான். இத்தாலில என் தம்பி இருக்கான்ல, தோட்ட வேலைக்கு ஆள் கேட்டுட்டே இருந்தான். ரொம்ப நாளா போடா போடான்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இந்த உடுப்ப விட்டுட்டு எப்படிப் போறதுன்னு சொல்லிட்டு இருந்தான். இப்ப கழட்டியாச்சு."

"என்கிட்ட சொல்லாமயா போனான்?"

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு உன்கிட்ட வருவான்? ஜெலு என்னை ஒதுக்கிட்டான், கடைசிவரைக்கும் மன்னிக்கவே இல்லன்னு ராத்திரியெல்லாம் அழுதான். பஸ்லயும் அழுதுட்டேதான் போனான்."

தொம்னிகா எழுந்தாள். வெங்காயச் சரம் காலடியில் விழுந்தது. "ஜெலு இல்லடி. நான். நாந்தான் கல்ல வெச்சேன். சுண்ணாம்புக் கல்லு. அவனுக்கு போன் போட்டுச் சொல்லு, வெதூரியா, உன் கால்ல விழறேன், ஜெலு ஒண்ணும் பண்ணலன்னு சொல்லு!"

"தெரியும்," என்றாள் வெதூரியா.

"என்ன தெரியும்?"

"நீ கல்ல வெச்சது. எதிர்லதானே உக்காந்திருந்தேன். முதல்ல அது எப்ப வெடிக்குமோ, எம்புள்ள மானம் எப்பப் போகுமோன்னு தினமும் செத்தேன். குப்பைல போடலாம்னுகூட எடுத்தேன். அப்பறம் அவன் உன் வீட்ல உக்காந்து களி திங்க ஆரம்பிச்சான். உன்ன அம்மாங்கறான், என்கிட்ட வாயத் தொறக்கறதில்ல." மூட்டைத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அன்னைலேருந்து அவன் தூங்கினதும், வயலுக்குப் போனதும் குவளைய எடுத்து கெட்டில் மேல கவுத்து வைப்பேன். ஆவில. ஈரத்தக் குடிச்சுத்தான் ஊதும்னு அந்தக் குயவன் சொன்னான்ல. இருந்தாலும் எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? நீ நல்லா அழுத்தித்தான் மூடியிருக்க."

தொம்னிகா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, உம்புள்ள காலம்பூரா அத நெனச்சே சாவானேடி. ஒரு வார்த்தை சொன்னா போதும் அவனுக்கு."

"சொன்னா திரும்பி வந்துடுவான்."

"வரட்டுமே!"

"எங்க வருவான்? உன் வீட்டுக்கு." வெதூரியா படலைத் திறந்தாள். "அழுதாலும் பரவால்ல, உயிரோட தூரத்துல இருந்து அழட்டும். என் புள்ளைய நான் உனக்குக் குடுக்கல தொம்னிகா. உன் புள்ளைய எவனும் என்னைக் கேட்டுட்டு எடுக்கல, ஆனா இது என்னோடது." வெளியே போனவள் நின்று திரும்பினாள். "வியாழக்கிழமை வருவல்ல? புது மண்ணு வந்திருக்காம், கர்மினா சொல்லிவிட்டா."

படல் சாத்திக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகளுக்குத் தீனி விழும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்த உடுப்பை அன்றே துவைத்து, ஆற்றுத் தண்ணீரில் அலசி, வேறு ஒருவனுக்கு எடுத்து வைக்க வேண்டும் என்பது வழக்கம். தொம்னிகா தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள், சோப்பை எடுத்தாள். கோட்டைத் தூக்கியதும் முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். ஜெலுவின் வாசனை அதில் எப்போதோ போய்விட்டிருந்தது. மலிவுச் சிகரெட்டும், வைக்கோலும், அவள் கிண்டிப் போட்ட களியின் புகையும், முகுரெலின் வேர்வையுமாக இருந்தது. காலருக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள். யாருக்காக அழுதாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

தொட்டித் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றினாள். கோட்டைத் துவைக்கவில்லை.